ரோஜர் மூர் கட்சியில் நான் ஒருவன்தான்

ஜேம்ஸ் பாண்டுக்கு ஆளைக் கொல்லவே லைசென்ஸ் உண்டு. எனக்கு என் வீட்டில் கருத்துச் சொல்லக்கூட லைசென்ஸ் கிடையாது. பெரிய விஷயங்களில் இது பழகிப்போய்விட்டது. பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மாடியில் தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது, தீபாவளிக்கு யார் வீட்டுக்கு யார் போவது என்பதெல்லாம் முடிவான பிறகு எனக்குத் தெரிவிக்கப்படும். நானும் தலையை ஆட்டி அதைச் சட்டமாக்கிவிடுவேன். ஆனால் பாண்ட் படங்களில் எது உசத்தி என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது. நான் ரோஜர் மூர் கட்சி. அதிலும் ‘ஆக்டோபஸி’ பிரிவு. எங்கள் வீட்டில் இந்தக் கட்சிக்குத் தலைவர், பொருளாளர், கொடி பிடிப்பவர், கோஷம் போடுபவர் எல்லாம் நானே.

மற்ற கட்சிகளுக்கு ஆள்பலம் அதிகம் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு கட்சிதான். ஆனால் எனக்கு எதிராக மட்டும் உடனே கூட்டணி வைத்துக்கொள்வார்கள்.

மாமனாருக்கு வயது 84. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1962-இல் ‘டாக்டர் நோ’ வந்தபோது மீசை முறுக்குகிற வயதில் இருந்தார். அவரைப் பொறுத்தவரை ஷான் கானரி ஒருவர்தான் பாண்ட். பின்னால் வந்த ஐந்து பேரும் லீவ் வேக்கன்சியில் வந்தவர்கள். படங்களில் சிறந்தது 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’. அதற்கு அவர் சொல்கிற காரணம் கதையோ கதாநாயகியோ அல்ல. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிக்குள் கானரியும் ராபர்ட் ஷாவும் போடுகிற சண்டை. பின்னணி இசைகூட இல்லாமல், இரண்டு பேர் மூச்சு வாங்குகிற சத்தமும் கண்ணாடி உடைகிற சத்தமும் மட்டும் கேட்கும்.

“ஒரு கூப்பேக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்து பார்த்துட்டு எடுத்திருக்கான் மாப்பிள்ளை. உங்க ஆளு ரயில் கூரை மேல ஏறி வாக்கிங் போறாரு.”

என் ஆள் ‘ஆக்டோபஸி’யில் ரயில் கூரை மேல் ஏறியது உண்மைதான். அதை வாக்கிங் என்று சொல்வது அநியாயம். ஆனால் ரயில் சம்பந்தமாக மாமனாரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் ரயில்வே போர்டிலேயே இல்லை என்று கேள்வி.

மாமியாரின் கட்சி எளிமையானது. “எனக்கு ஜெய்சங்கர் போதும்.” தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று தமிழ்நாடே கொண்டாடியவர், ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பாக்கியும் தொப்பியுமாக வந்தவர் இருக்கும்போது, மொழி தெரியாதவன் பின்னால் எதற்குப் போவது என்பது அவர் கேள்வி. இந்த ஓட்டு செல்லாது என்று என் மகன் அறிவித்தான். செல்லாத ஓட்டானாலும் தான் போட்டது போட்டதுதான் என்றார் மாமியார். ஒவ்வொரு முறையும் இதே தகராறு.

இந்த வீட்டில் ஆபத்தான கட்சி என் மனைவியுடையது. 1969-இல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’. ஜார்ஜ் லேசன்பி என்கிற ஆஸ்திரேலியர் நடித்தது. விளம்பரங்களில் மாடலாக இருந்தவர். பாண்டாக நடித்தது ஒரே ஒரு படம். இந்த மாதிரிப் படங்களுக்கு இனி மவுசு இருக்காது என்று அவருடைய ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டுத் தானாகவே விலகிக்கொண்டார். அதற்கப்புறம் 19 பாண்ட் படங்கள் வந்துவிட்டன. வெளியார் பேச்சைக் கேட்டு நல்ல வேலையை விடுகிறவர்களுக்கு என் மனைவி வழக்கமாகச் சொல்கிற புத்திமதி எதையும் லேசன்பிக்குச் சொல்வதில்லை. அவர் மேல் அவளுக்கு ஒரு தனிப் பரிவு. காரணத்தை நான் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த தைரியத்தில்.

“25 படத்துல ஒரே ஒரு தடவைதான் அந்த ஆளு தாலி கட்டியிருக்கான். அந்தப் படத்துல மட்டும்தான் மனுஷனா இருக்கான்.”

“ஜப்பான்ல ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டானே அம்மா, ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ல” என்றான் மகன்.

“அது டியூட்டியில பண்ணது. டி.ஏ. கிளெய்ம் பண்ணியிருப்பான்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அந்தப் பொண்ணைத்தான் கல்யாணம் ஆன அன்னிக்கே சுட்டுடறாங்களே?” என்றேன்.

“ஆமா. அதனாலதான் கடைசி வரைக்கும் அவ அவனைப் பத்தி நல்லபடியாவே நினைச்சுக்கிட்டிருந்தா.”

மாமனார் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

இந்தப் படத்துக்கு ஒரு பெரிய சிபாரிசும் இருக்கிறது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தனக்குப் பிடித்த பாண்ட் படம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார். ‘இன்செப்ஷ’னில் வருகிற பனிமலைச் சண்டை அந்தப் பிரியத்தில் எடுத்தது. என் மகன் தன் அறைச் சுவரில் நோலன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். இந்தத் தகவல் என் மனைவிக்குக் கிடைத்த நாளிலிருந்து அவன் வாயைத் திறந்தால், “உங்க சாமியே எங்க பக்கம்தான்டா” என்று ஒரே வரியில் மூடிவிடுகிறாள்.

மச்சினன் திமோத்தி டால்டன் கட்சி. இரண்டே படங்களில் நடித்தவருக்கு ஒரு கட்சி இருப்பதே ஆச்சரியம். ஆனால் இந்தக் கட்சிக்காரர்களைப் போல விசுவாசிகளை எங்கும் பார்க்க முடியாது. அயன் ஃப்ளெமிங் எழுதிய நாவல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு அந்தப் பாண்டைத் திரைக்குக் கொண்டுவந்தவர் டால்டன்தான், காலத்துக்கு முன்னால் வந்துவிட்டார், உலகம் புரிந்துகொள்ளவில்லை என்பார்கள். “1989-ல ‘லைசென்ஸ் டு கில்’ படத்துல டால்டன் சிரிக்காம நடிச்சார், சிடுமூஞ்சின்னாங்க. 2006-ல டேனியல் கிரெய்க் சிரிக்காம நடிச்சார், ஆழம்னாங்க. இது என்ன நியாயம் அத்தான்?” என்று என்னிடம் கேட்பான். அவன் சொல்வது முழுக்க முழுக்க நியாயம். நியாயமான பேச்சுக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை என்று தெரிந்ததால் நான் பதில் சொல்வதில்லை.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கிரெய்க் கட்சி, ‘கேசினோ ராயல்’ பிரிவு. கிரெய்க்கைப் போடப்போகிறார்கள் என்றதும் தலைமுடி மஞ்சளாக இருக்கிறது, பாண்டுக்குக் கருமுடிதான் லட்சணம், படத்தைப் புறக்கணிப்போம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். படம் வந்தது, எதிர்ப்பு இருந்த இடம் தெரியவில்லை. அடித்தால் வலிக்கிற பாண்ட், உயிர் போகிற அளவுக்கு ஓடுகிற பாண்ட், காதலித்து ஏமாறுகிற பாண்ட். நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பதற்றம் சீட்டாட்ட மேஜையில் நடக்கிற படத்தை மாமனார் ஒப்புக்கொள்ளவே மாட்டார். “இதுக்கு உலகம் சுத்தணுமா? மனமகிழ் மன்றத்து வாசல்ல நின்னாப் போதுமே.”

மகளின் கட்சி ‘ஸ்கைஃபால்’. 2012-இல் வந்தது, பாண்ட் படங்களில் முதன்முதலாக 100 கோடி டாலர் வசூலைத் தாண்டியது. அவளுக்கு வசூல் முக்கியமில்லை. அந்தப் படத்தின் நாயகி எம் என்கிற மேலதிகாரியாக வரும் ஜூடி டென்ச்தான், பாண்ட் அந்த அம்மாவைக் காரில் ஸ்காட்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற டிரைவர் மட்டும்தான் என்பது அவள் வாதம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளையும் அவள் அம்மாவையும் தில்லைநகருக்குக் காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அவள் தன் படத்தை உயர்த்துவதோடு நிற்பதில்லை. கானரி காலத்துப் பாண்ட் பெண்களிடம் நடந்துகொள்கிற விதத்துக்கு இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பாள். ‘கோல்டுஃபிங்க’ரில் வைக்கோல் கொட்டகைக் காட்சி, ‘தண்டர்பா’லில் ஆஸ்பத்திரி நர்ஸ் காட்சி என்று விவரமாக எடுத்து வைப்பாள். மாமனாரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அவர் நிதானமாகக் காதுக் கருவியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பேத்தி பேசி முடிக்கும்வரை துடைப்பார். வீட்டிலேயே சுத்தமான பொருள் அதுதான்.

இனி என் கட்சி.

ரோஜர் மூர் 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் பாண்டாக நடித்தார். கானரி ஆறு. இதற்குமேல் ஒரு தகவல் இருக்கிறது, அதை நான் மாமனாரிடம் பத்திரமாக வைத்திருந்து ஒருநாள் எடுத்து விட்டேன். கானரி பிறந்தது 1930. மூர் பிறந்தது 1927. பின்னால் வந்தவர்தான் வயதில் மூத்தவர். “மூத்தவங்களுக்கு மரியாதை கொடுக்கணும்னு நீங்கதானே மாமா சொல்வீங்க” என்றேன். கூடவே, பாண்ட் படங்களில் கானரி தலையில் இருந்தது டோப்பா என்பதையும் போட்டு வைத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, என் தலையைப் பார்த்துக்கொண்டே, “டோப்பா வைக்கிறது ஒண்ணும் தப்பில்ல மாப்பிள்ளை. தேவைப்படறவங்க வெச்சுக்கலாம்” என்றார்.

மூர் பாண்டாக ஆனபோதே அவருக்கு 45 வயது. கடைசிப் படமான ‘எ வியூ டு எ கில்’ வெளியானபோது 57. கூட நடித்த நாயகியின் அம்மா தன்னைவிடச் சின்னவர் என்று தெரிந்தபோது இனி போதும் என்று தோன்றியதாக அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார். துப்பாக்கி வெடித்தால் கண்ணைச் சிமிட்டிவிடுவார். ஓடுகிற காட்சிகளில் டூப் ஓடினார். மலையில் தொங்குவது, பனியில் சறுக்குவது எல்லாம் வேறு வேறு ஆட்கள். எல்லாம் முடிந்தபிறகு மூர் வந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு புருவத்தை உயர்த்துவார். தன் நடிப்பே அந்தப் புருவத்தில்தான் இருக்கிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டவர் அவர்.

எனக்கு இப்போது 57. எங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டுவது மகன், பாங்க் வேலை மச்சினன், பிளம்பரோடு பேரம் பேசுவது மனைவி, சொத்துவரி ஆபீசுக்குப் போவது மாமனார், அதுவும் 84 வயதில். எல்லாம் முடிந்தபிறகு நான் வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “ஆச்சா?” என்று ஒரு புருவத்தை உயர்த்துவேன். 57 வயதிலும் ஒருவனைப் பதவியில் வைத்திருந்து, உலகத்தைக் காப்பாற்றியது இவன்தான் என்று பெயரும் கொடுத்து அனுப்பிய படங்களை நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

சஃபாரி சூட் வேறு இருக்கிறது. மூர் சஃபாரி உடுப்பில் வந்தால் அப்படியொரு கம்பீரம். அதை நம்பி என் கல்யாண ரிசப்ஷனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சஃபாரி சூட் தைத்துக்கொண்டேன். பெண் வீட்டு விருந்தாளிகளில் இரண்டு பேர் என்னிடம் வந்து அடுத்த பந்தி எப்போது என்று கேட்டார்கள். மண்டப மேனேஜர் என்று நினைத்திருக்கிறார்கள். இன்னொருவர் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று புகார் செய்தார். கவனிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

என் கட்சியில் உட்கட்சிப் பூசல் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூர் படங்களில் நன்றாக எடுத்த படம் எது என்று என் புத்தியைக் கேட்டால் 1977-இல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ என்று சொல்லும். பனிச்சறுக்கில் வந்து மலை விளிம்பிலிருந்து ஓர் ஆள் அப்படியே வெளியே பாய்வான். இசை நின்றுவிடும். விழுவான், விழுவான், விழுந்துகொண்டே இருப்பான். பிறகு முதுகில் பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரியும். கம்ப்யூட்டர் வித்தை எதுவுமில்லை; ரிக் சில்வெஸ்டர் என்கிற சண்டைக் கலைஞர் கனடாவின் பனி மலையிலிருந்து நிஜமாகவே குதித்தார். கடலுக்குள் போய் நீர்மூழ்கியாக மாறுகிற லோட்டஸ் காரும் இரும்புப் பல் வில்லனும் இதே படத்தில்தான். அந்தப் படம் முடிகிறபோது அடுத்து ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ வரும் என்று எழுத்துப் போடுவார்கள். அந்த வருஷம் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஊரைக் கலக்கிவிட, அதைத் தள்ளி வைத்துவிட்டு ‘மூன்ரேக்க’ரை எடுத்துப் பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். ஆக, புத்தி ‘ஸ்பை’ பக்கம். மனசு ‘ஆக்டோபஸி’ பக்கம். ஒரே உறுப்பினர் உள்ள கட்சியில் எப்படிப் பிளவு வரும் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டு அரசியலைச் சரியாகக் கவனிக்கவில்லை.

‘ஆக்டோபஸி’ 1983-இல் வெளியானது. திருச்சிக்கு வந்து சேர்வதற்குள் படத்தில் மழை பெய்யத் தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடப் பையன். உதய்ப்பூர் வருகிறது, ஏரிக்கு நடுவே அரண்மனை, கரையில் பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்ட் இசையை வாசிக்கிறார் ஒருவர். அது நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ்! பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். கொட்டகையில் எழுந்த விசிலில் மகுடிச் சத்தம் கேட்கவில்லை. பிறகு ஆட்டோ ரிக்‌ஷாவில் துரத்தல். அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசுவார். தெருவில் நிற்கிற கூட்டம் மேட்ச் பார்க்கிற மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும். விம்பிள்டனில் ஆடியவரை ஆட்டோ ஓட்ட வைத்த படத்தை நான் அன்றைக்கே முதலிடத்தில் வைத்துவிட்டேன். பிறகு எடுக்கவில்லை.

எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டுகள் தெரிந்தவைதான். ஒரே தெருவில் ஆணிப் படுக்கை, நெருப்புக் கங்கு, கத்தி விழுங்குகிறவர், ஒட்டகம் என்று இந்தியா முழுவதையும் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்பாள் மகள். பாண்ட் காட்டில் கொடியைப் பிடித்துத் தொங்கியபடி டார்ஸான் மாதிரி கூவுகிறார் என்பான் மகன். கொரில்லா உடுப்புக்குள் ஒளிந்துகொள்கிறார் என்பான் மச்சினன். “நம்ம ஊர்ப் பையனை ரம்பத்தால அறுத்துக் கொன்ன படத்தையா நீங்க தலையில தூக்கி வெச்சு ஆடறீங்க?” என்பாள் மனைவி. இதில் அவள் சொல்வது வலிக்கத்தான் செய்கிறது. அமிர்தராஜைப் பாதியிலேயே கொன்றுவிடுகிறார்கள்.

மாமனாரின் ஆட்சேபம் தொழில்நுட்ப ரீதியானது. அந்தப் படத்தில் டயர் கிழிந்துபோன மெர்சிடிஸ் காரை மூர் அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டுவார். “ஐரோப்பாவுல கேஜ் 1,435 மில்லிமீட்டர். நம்ம ப்ராட்கேஜ் 1,676. அந்தக் கார் இங்கே ஓடுமா?” ஓடாது மாமா, ஆனால் கதைப்படி அது ஜெர்மனி என்றேன். “கதை எங்க வேணா நடக்கட்டும். பார்க்கிறது நாம திருச்சியிலதானே?” என்றார். மீட்டர் கேஜிலும் ஓடாது என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்தார்.

எல்லோரும் கூடிச் சிரிக்கிற இடம் இன்னொன்று உண்டு. கடைசியில் பாண்ட் சர்க்கஸ் கோமாளி வேஷத்தில் வருவார். வெள்ளை முகம், சிவப்பு மூக்கு, பெரிய செருப்பு. பாண்டை இதைவிட அவமானப்படுத்த முடியாது என்பது ஒருமித்த தீர்ப்பு. நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: காட்சியைச் சரியாகப் பாருங்கள். கூடாரத்துக்குள் அணுகுண்டு இருக்கிறது. அது வெடிக்கப்போவது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். குண்டு இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறார், கத்திப் பார்க்கிறார். கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. போன மாதம் மாடியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, தொட்டி வழிகிறது என்று நான் கூடத்தில் நின்று கத்தியபோது இந்த வீட்டில் இதேதான் நடந்தது. ஒரு குடும்பத்தலைவனின் நிலைமையை இவ்வளவு துல்லியமாகப் படம் பிடித்த காட்சி உலக சினிமாவில் வேறு இல்லை. பாண்டுக்காவது கடைசி நிமிஷத்தில் ஒரு பெண் நம்பி உதவி செய்தாள். எங்கள் வீட்டில் சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இதை ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று மகன் மடிக்கணினியைத் திறந்தான். 25 படங்களையும் திரும்பப் பார்ப்பதென்றால் 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் நினைவிலிருந்தே மார்க். கதை, வில்லன், சண்டை, பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டி வருவது முடிவு.

மார்க் போடுவதற்கு முன்பே படங்கள் 25-ஆ 26-ஆ என்று வழக்கு வந்தது. ‘ஆக்டோபஸி’ வந்த அதே 1983-இல் கானரி ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ என்ற படத்தில் மறுபடி பாண்டாக நடித்தார். அது வழக்கமான கம்பெனி எடுத்தது அல்ல. ‘தண்டர்பால்’ கதை உண்டானதில் கெவின் மெக்லோரி என்பவருக்கும் பங்கு இருந்தது. கோர்ட்டுக்குப் போய்ப் பட உரிமையை வாங்கி வைத்திருந்தார். அதை வைத்து அதே கதையைத் திரும்ப எடுத்தார்கள். இனி பாண்டாக நடிக்கவே மாட்டேன் என்று சொன்ன கானரிக்கு அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்று பொருள் வருகிற மாதிரி தலைப்பு யோசித்துக் கொடுத்தது அவர் மனைவி. உலகத்தின் பெரிய ஒற்றருக்கும் வீட்டில் இதுதான் கதி. இந்தப் படத்தைச் சேர்த்தால் கானரிக்கும் ஏழு ஆகிவிடும், மூருக்குச் சமமாகிவிடும் என்பது மாமனாரின் கணக்கு. பெரிய வீட்டு வாரிசுக்கு இருக்கிற உரிமை சின்ன வீட்டு வாரிசுக்கும் உண்டு என்று சட்டமெல்லாம் பேசினார். மாமியார் உள்ளேயிருந்து, “என்னது?” என்றார். அந்த வாதம் அத்தோடு நின்றது. படங்கள் 25 என்று முடிவாயிற்று.

மார்க் போட்டோம். இரண்டு தடவை காபி வந்தது. இரண்டு தடவையும் நான்தான் போட்டேன். மகன் கூட்டல் பொத்தானை அமுக்கினான்.

முதலிடம் ‘கோல்டன்ஐ’.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பியர்ஸ் பிராஸ்னனின் 1995-ஆம் வருஷப் படம். அது எங்களில் யாருக்குமே முதலிடமில்லை. எங்கள் வீட்டில் பிராஸ்னன் கட்சியே கிடையாது. எப்படி ஜெயித்தது என்று மகன் ஒவ்வொருவர் தாளையும் பிரித்துப் பார்த்தான். அதில் ஒரு கவச ரயில் வருகிறது என்பதற்காக மாமனார் அள்ளிக் கொடுத்திருந்தார். ஜூடி டென்ச் முதன்முதலாக எம் ஆக வந்த படம் என்று மகள் கொடுத்திருந்தாள். ‘கேசினோ ராயல்’ எடுத்த மார்ட்டின் கேம்ப்பெல் எடுத்தது என்று மகனே கொடுத்திருந்தான். டால்டன் விலகாமல் இருந்திருந்தால் அந்த இடம் அவருடையது என்கிற துக்கத்தில் மச்சினன் கொடுத்திருந்தான். பிராஸ்னனுக்குக் கோட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது என்று மனைவி கொடுத்திருந்தாள். நான் அந்தப் படத்தில் பாதியில் தூங்கிவிட்டேன். தூங்கினவன் குறை சொல்லக் கூடாது என்று எட்டு போட்டிருந்தேன். அடுத்தவர் படத்துக்கு மட்டும் பூஜ்யம் போட்டுக் கழுத்தறுப்பதிலேயே எல்லோரும் குறியாக இருந்ததால், யாருக்கும் பகை இல்லாத படம் நடுவில் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. தேர்தல் செல்லாது என்று எல்லாக் கட்சிகளும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டன. மாமியார் மட்டும் முதல் தடவையாகத் திருப்தியோடு சிரித்தார்.

கடைசி இடத்தில் தகராறே இல்லை. 2002-இல் வந்த ‘டை அனதர் டே’. கண்ணுக்குத் தெரியாத ஆஸ்டன் மார்ட்டின் கார், ஐஸ் கட்டியில் அரண்மனை, கம்ப்யூட்டரில் வரைந்த ராட்சத அலை மேல் பாண்டின் சவாரி. பாண்டின் 40-ஆம் வருஷத்தில் வந்த 20-ஆவது படம் அது. ஆளுக்கொரு காட்சியாக எடுத்துப் போட்டுத் திட்டினோம். மாமனார் காதுக் கருவியை மாட்டிக்கொண்டார். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் காரைத் திருச்சியில் எங்கே நிறுத்தினாலும் மாநகராட்சி அபராதம் போட முடியாது என்று நான் சொன்னதற்கு என் மனைவிகூடச் சிரித்தாள். ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே பேச்சு. நல்ல படங்களைப் பற்றி எங்களால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேச முடிந்ததில்லை. ‘ஆக்டோபஸி’ எந்த இடத்தில் வந்தது என்று நான் கேட்கவில்லை. மகன் தானாகச் சொன்னான்: 22.

அடுத்த பாண்ட் படத்தை டெனி வில்னவ் இயக்குவார் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். யார் பாண்டாக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இப்போதே ஆறு அபிப்பிராயம். மாமியார் மட்டும் ஜெய்சங்கர் இல்லாததால் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ரோஜர் மூர் கட்சியின் சார்பில் என் வேண்டுகோள் ஒன்றுதான். 50 தாண்டிய ஒருவரைப் போடுங்கள் ஐயா. ஓடவும் குதிக்கவும் எப்படியும் டூப் வைக்கத்தான் போகிறீர்கள். புருவத்துக்குத்தான் அனுபவம் வேண்டும்.